அவள் விட்டுப்போன கலன்

கண்ணாடிக் கலனிலிருந்து வெனிலா வாசம் வர வேண்டும். இன்று மாலை ஈரத் தலைமுடியின் வாசம் வந்தது.

அவன் குனிந்து மறுபடி முகர்ந்தான். உள்ளே பழுப்பு நீரில் பாக்டீரியா சர்க்கரையைத் தின்றுகொண்டிருந்தது. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் வெனிலா வாசனைப் பொருளைச் சர்க்கரையிலிருந்தே செய்யும்படி அதன் மரபணுவைத் திருத்தியவள் அவன் மனைவி. இந்தக் கலனைக் கடைசியாகத் தொடங்கி வைத்ததும் அவள்தான். மறுவாரம் ஆஸ்பத்திரி. சுவாசக் கருவி. எடுத்துவிடலாமா என்று டாக்டர் கேட்டார். அவன் சரியென்று தலையாட்டினான்.

ஒவ்வொரு முறையும் பழையதைக் கொன்றுவிட்டு, உறைபெட்டியில் இருக்கும் மூல வகையிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும் என்பது ஆய்வக விதி. விட்டுவைத்தால் அது தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே போகும். கொல்ல அவனுக்குக் கை வரவில்லை. கொஞ்சம் வடித்து, கொஞ்சம் சர்க்கரைக் கரைசல் ஊற்றி, அவள் விட்டுப்போனதையே வளர்த்துவந்தான்.

இன்று ஆய்வகத் தலைவி கண்டுபிடித்துவிட்டாள்.

"எத்தனை மாசமா இதே கல்ச்சரை ஓட்டிட்டிருக்கே? இது கூட என்ன குடும்பமா நடத்தறே?" சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்பா நெனச்சுக்காதப்பா. இன்னிக்கு முடிச்சுடு. நான் வேணா செய்யட்டுமா?"

"வேண்டாம் மேடம். நானே பண்றேன்."

எல்லோரும் போய்விட்டார்கள். உறைபெட்டிகளின் முனகலுக்கும் குழல்விளக்கின் ரீங்காரத்துக்கும் நடுவே, பம்பிலிருந்து கலனுக்குள் எப்போதும் ஒரே சீராக ஓடும் காற்றுக் குமிழிகள் இன்று ஒரு கொத்தாக எழுந்து, அடங்கி, வருமா வராதா என்று தயங்கி, பிறகு மீண்டும் எழுந்தன. அந்தத் தயக்கம் அவனுக்குத் தெரியும். கருவியை எடுத்த பிறகு அவள் கட்டிலருகே உட்கார்ந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

பம்பிலிருந்து காற்றுக்குழாயைப் பிடுங்கினான்.

குமிழிகள் நின்றன. நீர் நிற்கவில்லை. மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது. மறுபடி ஏறும்போது திணறியது.

"இரு," என்றான். "இரும்மா."

குழாயைத் திரும்பச் செருகப் பார்த்தான். பொருந்தவில்லை. கலனுக்குள் போகும் குழாயின் வெளிமுனையை வாயில் வைத்து ஊதினான். குமிழிகள் எழுந்தன. அவளுடைய ஈரத் தலைமுடி. பக்கத்தில். மிகப் பக்கத்தில். மறுபடி ஊதினான். மறுபடி.

மூச்சு வாங்க நிறுத்தினான்.

குழாய் உதட்டை விடவில்லை.

அந்தப் பக்கம் அவன் மூச்சை இழுத்தது.

அவன் நெஞ்சு ஒடுங்கியது. கலனில் நீர் ஏறியது. இறங்கவில்லை.