சிவப்புத் தகடு

சைக்கிளை நிறுத்திய பிறகும் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் இரண்டு பிரேக்கையும் பிடித்து ஒரு காலைத் தரையில் ஊன்றிவிட்டாள். ஆனாலும், மிதிக்காமல் உருளவிடும்போது பின்சக்கரத்திலிருந்து வருமே ஒரு கிரிகிரிச் சத்தம், அது முதுகுக்குப் பின்னால் இன்னும் நாலு மூச்சு நேரம் கேட்டு, அப்புறம்தான் அடங்கியது. திரும்பிப் பார்த்தாள். இருபக்கமும் ஆளுயர முள்வேலி, நடுவே ஈரப் பாதை, மாலை நாலு மணிக்கே இறங்கிவிட்ட பனி. யாரும் இல்லை. பண்ணையில் இருந்ததே இரண்டு சைக்கிள்தான். ஒன்று இது. மற்றது அக்காவினுடையது, காளை மிதித்து வளைந்துபோனது, ஒரு வருஷமாகக் கொட்டகைப் பரணில் கிடந்தது.

காற்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். காற்றே இல்லை என்பதும் தெரிந்துதான் இருந்தது.

மத்தியானம் மாட்டுக்காரர் சமையலறை வாசலில் வந்து நின்றிருக்காவிட்டால் அவள் இந்தப் பக்கம் வந்திருக்கவே மாட்டாள். அத்தான் அவளைக் கல்யாணம் செய்து ஆறு மாதமாகிறது. வேலைக்காரர்கள் எல்லோரும் அம்மா என்று கூப்பிடப் பழகிவிட்டார்கள். மாட்டுக்காரர் மட்டும் இன்னும் பழைய பெயரை விடவில்லை.

"சின்னம்மா, காளை வயல்ல இருக்கற கல்தொட்டிய நாளைக்கு எறைச்சிடப் போறேன். ஐயா சொல்லிட்டார். ஒரு வருஷத்துப் பாசி. அடியில என்னென்ன கெடக்கோ."

"அதுக்கு எதுக்கு என்கிட்ட கேக்கறீங்க?"

"கேக்கல. சொல்லி வெக்கறேன்." கிழவர் சிரித்தார். பல்லில்லாத சிரிப்பு. "அன்னிக்கு நான் ஆணியப் பாத்தேன் சின்னம்மா. வெறும் ஆணிதான் இருந்துச்சு."

பார்க்கும்போதெல்லாம் சொல்லும் அதே வாக்கியம்.

பொலிகாளை இருந்த நாளில் பண்ணையில் ஒரு வழக்கம் இருந்தது. காளை வயலுக்குள் போகிறவர் தன் தகரத் தகட்டைக் கேட்டில் இருக்கும் ஆணியில் மாட்டிவிட்டுப் போகவேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ளவேண்டும். ஆணி காலியாக இருந்தால்தான் மாட்டுக்காரர் கொட்டிலின் குறுக்குக்கட்டையை உருவிக் காளையை விடுவார். அக்காவுக்குச் சிவப்புத் தகடு. அவளுக்கு வெள்ளை. பண்ணையைச் சுற்றிவருவது அக்காவுக்கு அன்றாட வேலை. சைக்கிளில் போகும் இடத்துக்குச் சைக்கிள், போகாத இடத்தில் அதைத் தள்ளிக்கொண்டு நடை. அன்றைக்கும் சிவப்புத் தகட்டை மாட்டிவிட்டுத்தான் உள்ளே போனாள். அவள் வயலின் கோடிக்குப் போகும்வரை தங்கை வேலியோரம் காத்திருந்தாள். பிறகு தகட்டைக் கழற்றினாள். கொட்டிலுக்குப் போய்க் கிழவரிடம் சொன்னாள்.

கை செய்துவிட்டது, மனசுக்கு அப்புறம்தான் தெரிந்தது என்று இந்த ஒரு வருஷமாகத் தனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறாள். பொய். மூன்று வருஷம் அந்த வீட்டில் அக்கா உடுத்துக் கழித்ததை உடுத்தி, அக்கா பரிமாறியதைச் சாப்பிட்டு, அக்காவின் புருஷன் சிரிக்கும்போது தலையைக் குனிந்துகொண்டவளுக்கு, மனசுதான் முதலில் செய்தது.

அலறல் கேட்டு எல்லோரும் ஓடியபோது அவளும் ஓடினாள், தகட்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டு. வழியில் கல்தொட்டி. போட்டுவிட்டாள். நான் கொட்டில் பக்கமே போகவில்லை என்று பிறகு சாதித்தாள். பழி கிழவர் தலையில் விடிந்தது. காளையை அன்றே சுட்டுவிட்டார்கள்.

இரண்டாவது கேட்டைத் தாண்டியதும் பாதை சேறாகிவிட்டது. சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு நடந்தாள். அழுகிய இலையின் வாடை, ஈரக் கம்பியின் வாடை, அவற்றுக்கு அடியில் வெதுவெதுப்பாக வேறொன்று, மாட்டு மூச்சு மாதிரி. இந்தப் பக்கம் மாடு மேய்ந்தே ஒரு வருஷமாயிற்று. செருப்பு சேற்றில் புதைந்து பிடுங்கும் சத்தத்தோடு சேர்ந்து பின்னால் அது மறுபடி கேட்டது. கிரிகிரி. மெதுவாக. யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும் வேகத்தில்.

நின்றாள். நின்றது.

நடந்தாள். வந்தது.

அதற்கப்புறம் அவள் நிற்கவில்லை.

காளை வயலின் கேட் திறந்தே கிடந்தது. ஆணி துருவேறி நீட்டிக்கொண்டிருந்தது. காளையே இல்லாத வயலுக்குத் தகடு எதற்கு? ஆனால் கேட்டருகே வந்ததும் கை தானாகவே மேல்சட்டைப் பைக்குள் போயிற்று. பழக்கத்தில் இன்னும் அங்கேயே கிடந்த வெள்ளைத் தகட்டை எடுத்தாள். மாட்டினாள். அது ஆணியில் ஆடி டிங்கென்று ஒலித்தபோது மனசுக்குக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது.

இடுப்பளவு புல். நாற்பது எட்டில் தொட்டி. முழங்கைவரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். பாசி வழவழவென்று விரலிடுக்கில் நுழைந்தது. தண்ணீர் மேலே சில்லென்று இருந்தது. கீழே போகப்போகச் சூடாக இருந்தது. தோள்வரை விட்டுத் துழாவினாள். சேறு. கல். தகட்டின் கம்பி வளையம்.

கிடைத்துவிட்டது. இனி கிழவர் எதை வேண்டுமானாலும் இறைத்துக்கொள்ளட்டும். இழுத்தாள். ஒரு வருஷத்துப் பாசி தாடிபோலத் தொங்கியது. கட்டைவிரலால் வழித்துவிட்டாள்.

வெள்ளை.

இன்னொரு முறை வழித்தாள். வெள்ளை. அவளுடையது. ஓரத்தில் அவள் பல்லால் கடித்த தடம்கூட இருந்தது. இப்போதுதான் மாட்டிவிட்டு வந்த தகடு.

பின்னால் கேட் சாத்திக்கொண்டது. கொக்கி விழுந்தது.

திரும்ப மனமில்லை. கழுத்துத்தான் திரும்பியது. பனிக்குள் கேட். கேட்டுக்கு வெளியே ஒரு பெண். அவள் பிடித்திருந்த சைக்கிளின் முன்சக்கரம் வளைந்திருந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை, ஆணியைப் பார்த்தாள். அதில் சிவப்பு.

"அக்கா," என்றாள். 

அந்தப் பெண் சிவப்புத் தகட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, கூரை விழுந்த கொட்டில் பக்கம் தலையைத் திருப்பினாள். வந்தது அக்காவின் குரல் அல்ல. தங்கையின் சொந்தக் குரல். அவசரமில்லாமல், கொஞ்சம் கொஞ்சலாக, அன்றைக்குக் கிழவரிடம் சொன்ன அதே மாதிரி.

"உள்ள யாரும் இல்ல. தெறந்து விடுங்க."

கட்டை உருவப்படும் சத்தம்.

புல் விலகியது. முதலில் கொட்டிலின் ஓரத்தில். பிறகு நடுவயலில். நேர்கோட்டில். ஒன்றுமே தெரியவில்லை, புல் மட்டும் சாய்ந்துகொண்டே வந்தது, தரை அதிர்ந்தது, வெதுவெதுப்பான மூச்சு அவள் முகத்தில் பட்டது.

கேட்டில் நின்றவள் ஒரு விரலால் ஆணியைத் தொட்டுப் பார்த்தாள், வெறும் ஆணிதானே என்று உறுதி செய்துகொள்கிற மாதிரி.