இரண்டாவது சார்ஜர்

சுவரில் செருகியிருந்த சார்ஜரைப் பொற்கொடி பிடுங்கியபோது அது இளஞ்சூடாக இருந்தது. மகள் சுஜிதாவின் போனைப் போன வாரமே பறித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு எதற்குச் சூடு? முனையும் இந்தப் போனுக்குச் சேரவில்லை. யோசிக்க நேரமில்லை. இன்றைக்கு அவன் வருகிறான்.

யோகராஜ் என்ற பெயரில் வந்தவன். பத்தாவது படிக்கிற பிள்ளையிடம் போனிலேயே அன்பாகப் பேசிப் படங்களை வாங்கி, இப்போது ஊருக்கெல்லாம் அனுப்புவேன் என்று மிரட்டுகிறவன். போலீசுக்குப் போனால் குரங்கணி ஊர் முழுக்க மகளின் பெயர்தான் நாறும் என்று பொற்கொடி பயந்தாள். அந்தப் பயத்தில் மகளையே விளக்குமாற்றால் வெளுத்து வாங்கினாள்.

"யம்மா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளும்மா."

"வாயத் தொறந்தே, கொன்னுபுருவேன்."

மகளை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டினாள். மகள் எழுதுவதுபோல் தானே அவனுக்குக் காலையிலேயே எழுதியிருந்தாள்: சாயங்காலம் ஏலக்காய் ஸ்டோருக்கு வா.

காய் உலர்த்தும் அந்த ஸ்டோரில் அவளுக்குத்தான் அடுப்புச் சோலி. மலையிலிருந்து இறங்கிய மூடுபனி வாசல்வரை வந்து நிற்க, பச்சைக் காய் காயும் இனிப்பு வாடை தொண்டையில் ஒட்ட, காற்றாடி மோட்டார் வேறெதுவும் காதில் விழாதபடி இரைய, விறகுக் குவியலின் பின்னால் மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். தூறலில் ஒரு மழைக்கோட்டு ஓடிவந்தது. தலைமூடிக்குள் முகம் தெரியவில்லை. நேராக உலர்த்தும் அறைக்குள் நுழைந்தது.

இரும்புக் கதவை அறைந்து தாழிட்டாள்.

விறகைத் திணித்தாள். இன்னும். இன்னும். அறைக்குள் போகும் சூட்டுக்குழாய் சிவந்தது. மூட்டு விரிந்து புகை உள்ளே பாய்ந்தது. கதவு அதிர்ந்தது. கையால் அடி. தலையால் அடி. பொற்கொடிக்குச் சந்தோஷமாக இருந்தது.

"வேகுடா. எம்பிள்ளைய அழ வச்சேல்ல, வேகு."

இடுப்பில் போன் துடித்தது. யோகராஜ்.

'உங்க பொண்ணு நான் கொடுத்தனுப்புன போன்ல பேசிக்கிட்டுதான் இருக்கு. அப்ப இதுல எழுதுறது யாருன்னு எனக்குத் தெரியாதாக்கா? ஒங்கம்மா ஸ்டோருக்குள்ள விழுந்து கெடக்குன்னு சொன்னேன். வீட்டு ஓட்டப் பிரிச்சுக்கிட்டு ஓடியாருது, பாவம்.'

கரண்டு போனது. மோட்டார் நின்றது.

கதவுக்குப் பின்னால் இருமல்.

"யம்மா... தொறம்மா..."

தாழ்ப்பாளைப் பிடித்தாள். உள்ளங்கைத் தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. சூட்டில் இறுகிய தாழ் நகரவில்லை. மறுபடி பிடித்தாள். மறுபடி. உள்ளே அடி நின்றது.

கதவடியில் கசிந்த புகைக்குள் நீலமாக ஒரு வெளிச்சம். உள்ளே ஒரு போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை.