அவள் குரலுக்கு வந்தவை

அவள் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. அதற்குள் குன்றின் பக்கமிருந்து அவளுடைய ஊளை கேட்டது.

அடுப்படியில் கணவன் சிரித்தான். "என்ன, இன்னைக்குக் கச்சேரி சீக்கிரமே ஆரம்பிச்சாச்சா? சோறே இன்னும் கொதிக்கலையே."

"நான் இல்லைங்க."

ஓநாய்களைக் காக்க வனத்துறை நியமித்திருந்த ஆள் அவள். பொழுது சாயும்போது கொல்லைப்புறத்தில் நின்று, சின்னதாக ஒரு பிரார்த்தனை சொல்லி, வாயருகே கைகளைக் குவித்து ஊளையிடுவாள். பதில் ஊளைகளை வைத்து எத்தனை உயிர் மிச்சமிருக்கிறது என்று கணக்கெடுப்பாள். நாளடைவில் அவை அவள் குரலுக்குப் பழகிவிட்டன. அது கேட்கும் இடத்தில் துப்பாக்கி இருக்காது என்று நம்பின. இந்தப் பருவத்தில் தாய் ஓநாயின் கனத்த குரலுக்குப் பின்னால் குட்டிகளின் கீச்சுக்குரலும் சேர்ந்துகொண்டது. அதை முதலில் கேட்ட அன்று அவள் அழுதேவிட்டாள்.

ஈரமண் வாடையும் விறகுப் புகையும் கலந்த காற்றில், இருட்டிக்கொண்டு வரும் வேலிக்கு அப்பால், அதே இழுப்பும் அதே மூச்சுமாக, அவள் தொண்டையிலிருந்து யாரோ உருவிக்கொண்டு போனதுபோல, அந்த ஊளை மறுபடி எழுந்தது.

பதில் வந்தது. முதலில் தாய். பிறகு குட்டிகள், ஆசை ஆசையாக.

அப்போதுதான் ஆட்டுக்காரர் நினைவு வந்தது. ஓநாய்கள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று தெரிந்தால் மந்தையை வேறு பக்கம் ஓட்டிப்போவேன், ஆடும் பிழைக்கும் அதுவும் பிழைக்கும் என்று அவர் கேட்டபோது, தன் ஊளையைப் போனில் பதிவுசெய்து கொடுத்திருந்தாள். நல்லதற்கென்றுதான். உடனே அவரை அழைத்தாள்.

"அண்ணே, என் சத்தத்தைப் போடுறது நீங்களா?"

"நான் வீட்ல இருக்கேன்மா. என் மச்சான் கேட்டான்னு அனுப்பி வச்சேன். சும்மா கேக்கத்தான்னான்..." அவர் குரல் இறங்கியது. "ஐயோ. துப்பாக்கியோட போயிருக்கான்மா."

வெடிச்சத்தம்.

எச்சரிக்க ஊளையிட முடியாது. ஊளையிட்டால் இன்னும் வரும்.

"தட்டை எடுங்க! தட்டுங்க!"

கணவன் ஓடிவந்து தட்டினான். அவளும் தட்டினாள். "ஓடிப்போங்க! கண்ணுங்களா, ஓடிப்போங்க!" என்று கத்தினாள். அதுவும் அவள் குரல்தான். குட்டிகள் இன்னும் ஆசையாகப் பதில் சொல்லின.

வெடி. மறுபடி வெடி. ஒவ்வொரு குரலாக நின்றது.

வெகுநேரம் கழித்து ஆட்டுக்காரர் அழைத்தார். மூச்சு வாங்கியது.

"அவன் போனைப் பிடுங்கி உடைச்சுட்டேன்மா. ஆனா... ஒண்ணும் மிச்சமில்ல. குட்டிங்ககூட. என் கையாலதான் தொட்டுப் பாத்தேன். மன்னிச்சிரும்மா."

"உங்க மேல தப்பில்லண்ணே" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். போன் கையிலிருந்து நழுவியது.

கணவன் அவளை உள்ளே கூட்டிவந்து கொல்லைக் கதவைச் சாத்தி, அவள் தலையை மார்போடு அணைத்துக்கொண்டான்.

கொல்லையில் சருகு நொறுங்கியது. மெல்ல. மறுபடி. பல கால்கள். கதவிடுக்கில் ஈரமயிரின் வாடை. கருகிய வெடிமருந்தின் வாடை.

"திறக்காதே" என்றான் கணவன்.

திறந்தாள்.

வரிசையாக உட்கார்ந்திருந்தன. தாய். அதையொட்டிக் குட்டிகள். சத்தமில்லை. மூச்சில்லை. எல்லாக் கண்களும் அவள் முகத்தில். தாயின் நெஞ்சில் இருந்த துளை வழியாகப் பின்னால் வேலிக்கம்பி தெரிந்தது.

கடைசிக் குட்டி அவளைப் பார்த்து வாலாட்டியது.