வீடு போய்ச் சேர்ந்தவர்கள்

“ஏதாவது மறந்துட்டீங்களா?”

வெந்நீர்க் குடுவையோடு இறங்கி வந்த பேராசிரியை கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்த விடுதிப் பொறுப்பாளர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஊருக்குப் போய்விட்ட உறவுக்காரியை எதிர்பாராமல் பார்த்துவிட்டவள்போலச் சிரித்தாள். இருவருக்கும் தாய்மொழி வேறு. இத்தனை நாளும் ஓட்டை ஆங்கிலத்தில்தான் காலம் தள்ளியிருந்தார்கள். தான்தான் சரியாகக் கேட்கவில்லையோ என்று பேராசிரியைக்குத் தோன்றியது.

“நாங்க இன்னும் கிளம்பலையே. பொண்ணுக்குக் காய்ச்சல். காது சரியானதும்தான் போறோம்னு முன்னாடியே சொன்னேனே.”

“நேத்து விடியக்காலையில நீங்கதானே சாவியக் குடுத்துட்டு, என்னைக் கட்டிப்பிடிச்சிட்டு பஸ் ஏறினீங்க?” பொறுப்பாளர் திரும்பி, சுவரில் இருந்த சாவிப் பலகையைக் காட்டினாள். பேராசிரியையின் அறைச் சாவி அதன் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பேராசிரியை ஸ்வெட்டர் பைக்குள் கையை விட்டாள். அதே எண் பொறித்த சாவி அங்கேயும் இருந்தது. எடுத்துக் காட்டினாள்.

“அப்ப அது இன்னொரு சாவியா இருக்கும்” என்று பொறுப்பாளர் சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. குடுவையில் வெந்நீரைப் பிடித்தவள் அதைக் கையில் தராமல் மேசை விளிம்பில் வைத்துவிட்டு, நாற்காலியோடு பின்னால் நகர்ந்துகொண்டாள்.

பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை சொல்லித்தருபவள் பேராசிரியை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் மாணவர்களை வெளிநாட்டுக்குக் கூட்டிவந்து, பழைய தெருக்களை அளக்கவும் வரையவும் வைப்பாள். தவளையைத் தராசில் நிறுத்துகிற வேலைதான். ஒருத்தன் பாஸ்போர்ட்டைத் தொலைப்பான், ஒருத்தி தப்பான ரயிலில் ஏறுவாள். இருந்தாலும் கூட்டிப்போன பிள்ளைகளைப் பத்திரமாகப் பெற்றவர்களிடம் சேர்ப்பதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. இந்தத் தடவை கிளம்புகிற நேரத்தில் ‘ரேடியோ’ படுத்துக்கொண்டாள். கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை வாய் ஓயாது என்பதால் கூட்டாளிகள் வைத்த பெயர் அது. காய்ச்சலோடு காதிலும் சீழ் கட்டியிருந்தது. இந்தக் காதோடு விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்ற பிள்ளைகளை உடன் வந்த இளைய விரிவுரையாளரோடு அனுப்பிவிட்டு, பேராசிரியை அவளுக்குத் துணையாகத் தங்கினாள். “அம்மாகிட்ட இப்பவே சொல்லாதீங்க மேடம், பயந்துடுவாங்க” என்று ரேடியோ கெஞ்சியதால், விமான நிலையத்தில் நேரில் பார்த்துப் பக்குவமாகச் சொல்லும் பொறுப்பை விரிவுரையாளரிடம் ஒப்படைத்திருந்தாள்.

அவர்கள் கிளம்பிய விடியலில் வாசலில் நின்று கையசைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூடுபனி. பஸ்ஸின் ஜன்னல்கள் வியர்த்திருந்தன. யாரோ உள்ளிருந்து உள்ளங்கையால் கண்ணாடியைத் துடைத்து, அவளுக்குத் திரும்பக் கையசைத்தார்கள்.

மாடி நடைவழி நீளமானது. இரண்டு பக்கமும் மாணவர்கள் தங்கியிருந்த அறைகள். முந்தாநாள் வரை ஈரக் காலுறையும் ஷாம்புவும் நூடுல்ஸும் கலந்து நாறிய இடத்தில் இப்போது நனைந்த சுண்ணாம்பின் வாசனை மட்டும் மிஞ்சியிருந்தது. சுவரோரம் ஓடிய வெந்நீர்க் குழாய்கள் சூடேறும்போது டிக் டிக்கென்று சொடுக்குப் போட்டன. மதியம் தாண்டியதுமே வெளிச்சம் வடிந்துவிடுகிற பருவம். கோடியில் இருந்த ஒற்றை ஜன்னல் சாம்பல் பூத்துக் கிடந்தது. அவள் நடக்க நடக்க, மூடிய கதவுகளுக்குப் பின்னால் கட்டில் பலகைகள் மெல்ல முனகுவதுபோல இருந்தது, படுத்திருந்தவர்கள் காலடிச் சத்தம் கேட்டு ஒவ்வொருவராக எழுந்து உட்காருவதைப்போல. குழாயின் சூட்டில் மரம் விரிகிறது என்று சொல்லிக்கொண்டாள். கட்டடங்களைப் பற்றி அவளுக்குத் தெரியாதா என்ன?

ரேடியோ விழித்திருந்தாள். கழுத்துவரை போர்த்திக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாரும் போய்ச் சேர்ந்திருப்பாங்களா மேடம்?”

“இந்நேரம் வீட்டுல குறட்டை விட்டுட்டு இருப்பாங்க. நீ முதல்ல மாத்திரையப் போடு.”

“நானும் போயிட்ட மாதிரியே இருக்கு.” குரல் கம்மிப்போயிருந்தது. “பஸ்ல ஜன்னல் ஓரமா உக்காந்திருந்தேன். கண்ணாடி சில்லுனு இருந்துச்சு. கையால துடைச்சுப் பாத்தா, வெளியில நீங்க நிக்கிறீங்க. திரும்பிப் பாத்தா, பக்கத்து சீட்லயும் நீங்கதான்.”

“காய்ச்சல்ல இப்படித்தான் கன்னாபின்னான்னு கனவு வரும்.”

சொல்லிவிட்டு மாத்திரையைப் பிரித்தவள், பாதியில் நிறுத்தினாள். பஸ் கிளம்பியபோது இந்தப் பெண் மேலே மருந்து மயக்கத்தில் அடித்துப் போட்டதுபோலத் தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடியைத் துடைத்த கையைப் பற்றி அவளிடம் யார் சொல்லியிருக்க முடியும்?

தலையணைமேல் கிடந்த பேராசிரியையின் போன் அதிர்ந்தது. விரிவுரையாளரின் குரல் செய்தி. அப்பாடா என்று இருந்தது. காதோடு வைத்துக் கேட்டாள்.

“மேடம், எல்லாப் பிள்ளைங்களும் வீடு போய்ச் சேர்ந்தாச்சு. நீங்களும் ரேடியோவும் டாக்ஸி ஏறினதுக்கப்புறம்தான் நானும் கிளம்பினேன். அவளுக்கு இப்பக் காது எப்படி இருக்கு? பிளைட்ல வாயே திறக்கலையே, உங்க தோள்லயே சாஞ்சு தூங்கிட்டு வந்தா. நீங்களும் ரெஸ்ட் எடுங்க மேடம், ரொம்பக் களைச்சுப் போயிருந்தீங்க.”

மறுபடி கேட்டாள். மறுபடியும். விளையாடுகிறானா? ஜோக் அடிக்கக்கூட முன்அனுமதி கேட்கிற ஆள் அவன். திருப்பிக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. தூங்கியிருப்பான்.

“என்ன மேடம்?”

“ஒண்ணுமில்ல. அம்மாகிட்டப் பேசிடலாமா? சொல்லிடறதுதான் நல்லது.”

ரேடியோ தலையாட்டினாள். பேராசிரியை கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தன் முகம் மட்டும் தெரியும்படி போனைப் பிடித்துக்கொண்டு வீடியோவில் அழைத்தாள். முதல் மணியிலேயே திரை வெளிச்சமாயிற்று. ரேடியோவின் அம்மா முகமெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

“மேடம்! உங்களுக்கு நூறு ஆயுசு, இப்பத்தான் உங்களப் பத்திப் பேசிட்டிருந்தோம். வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டீங்க, உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிக்காமப் போயிட்டீங்களே.”

முதுகுக்குப் பின்னால் போர்வை அசைவது நின்றுவிட்டதைப் பேராசிரியை உணர்ந்தாள்.

“பொண்ணு… என்ன பண்றா?”

“வந்ததுலேர்ந்து ஒரே தூக்கம். எப்பவும் ஊர்க்கதை எல்லாம் அளப்பாளே, இன்னிக்கு வாயத் திறக்கல. காதுவலி போல.”

“கொஞ்சம்… காட்டுங்களேன்.”

திரை ஆடியது. ஒரு கூடம். மேசைமேல் மடித்த துணிகள். திறந்து கிடந்த பெட்டிக்குள் வரைபடத் தாள்களின் சுருள். பாதி திறந்த கதவு. அம்மா குரலைத் தாழ்த்தி, “பாப்பா, மேடம் பேசறாங்க பாரு” என்றாள். இருட்டான அறையில் சுவரைப் பார்த்தபடி யாரோ படுத்திருந்தார்கள். தோள் அசைந்தது. புரண்டது. போன் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது.

ரேடியோ.

அதே நெற்றி. அதே தூக்கக் கலக்கம். கன்னத்தில் தலையணை மடிப்பின் கோடு.

“அது யாரு?” என்றது பேராசிரியையின் தோளுக்குப் பின்னால் ஒரு மூச்சு. காய்ச்சலின் சூடு அவள் காதைத் தொட்டது. படுத்திருந்த பெண் எழுந்து, தன் முகத்தையும் திரைக்குள் கொண்டுவந்துவிட்டாள். “அம்மா? அம்மா, அது யாரும்மா?”

அந்தப் பக்கம் சிரிப்பு அணைந்தது. அம்மா திரையைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். திரும்பவும் திரையை.

கட்டிலில் இருந்தவள்தான் பேசினாள். பதறாமல், குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில்.

“போனை வைம்மா. அங்கேயிருந்து யாராவது கூப்பிடுவாங்க, எடுக்க வேணாம்னு மேடம்தான் சொன்னாங்க.”

திரை அணைந்தது.

“அம்மா!” ரேடியோ போனைப் பிடுங்கி அழுத்தினாள். போகவில்லை. மறுபடி. போகவில்லை. “மேடம், அம்மா என்னப் பாத்தாங்க. பாத்துட்டுத்தானே வச்சாங்க? என்ன விட்டுட்டு அதப் பாத்தாங்களே மேடம்!” அவள் விசும்பல் எங்கோ தொலைவில் கேட்டது. பேராசிரியை அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். பெண்ணின் உடம்பு கொதித்தது. இதயம் அடித்தது. இதோ, கைக்குள். இவள்தான் நிஜம். வேறு எப்படி இருக்க முடியும்?

ஆனால் ‘மேடம்தான் சொன்னாங்க’ என்ற சொல் போகவில்லை. காதுக்குள் ஏறிய எறும்பைப்போல ஊர்ந்துகொண்டே இருந்தது.

ஒரே ஓர் அழைப்பு. அதற்குமேல் யோசிக்காமல் போனைத் திரும்ப வாங்கி, கணவரின் எண்ணைத் தொட்டாள்.

கணவர் எடுத்தார். “ஹலோ?”

பின்னணியில் குழாய்த் தண்ணீர் பாத்திரத்தில் விழும் சத்தம். அவள் வீட்டுச் சமையலறைக் குழாய். எத்தனை தடவை சொல்லியும் அவர் சரிசெய்யாத, மூக்கால் அழுகிற அதே குழாய். யாரோ அதை மூடினார்கள்.

“என்னங்க…” என்றாள்.

“ஹலோ? யாரு?” அவர் குரல் போனிலிருந்து விலகியது. “ஏய், உன் போன் எங்க இருக்கு? உன் நம்பர்லேர்ந்தே எனக்குக் கால் வருது, பாரேன்.”

செருப்பில்லாத பாதங்கள். நெருங்கின. ஈரக் கையைப் புடவையில் துடைக்கும் சரசரப்பு. பிறகு ஒரு பெண் சிரித்தாள். தன் சிரிப்பை வெளியிலிருந்து கேட்டால் எப்படியிருக்கும் என்று பேராசிரியைக்கு அதுவரை தெரியாது.

“குடுங்க, நான் பேசறேன். நீங்க போய்ச் சாப்பிடுங்க.”

அவர் போகும்வரை அது காத்திருந்தது. கதவு சாத்தப்பட்டது. பிறகு, வாயை போனோடு ஒட்டிவைத்து, கிசுகிசுப்பாக:

“கஷ்டமாத்தான் இருக்கும். அந்தப் பொண்ணத் தனியா மட்டும் விட்டுடாதீங்க.”

துண்டித்துவிட்டது.

அறை இருட்டிவிட்டிருந்தது. எப்போது இருட்டியது? பேராசிரியை எழுந்தாள். யோசிக்கக் கூடாது. யோசித்தால் கால் நகராது. பாஸ்போர்ட்டுகள். பணம். பெண்ணின் கோட்டு. “எழுந்திரு. இப்பவே போறோம்.”

“எங்க மேடம்?”

“ஏர்போர்ட். கிடைக்கிற பிளைட்ல ஏறுவோம். உன் வீட்டுக்கு. உங்கம்மா முன்னாடி நான் வந்து நிக்கறேன். வா.”

“டாக்டர் ஏறக் கூடாதுன்னாரே…”

“வான்னு சொல்றேன்ல!”

பெண் எழுந்தாள். தள்ளாடினாள். பேராசிரியை அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு தாழ்ப்பாளை விலக்கினாள்.

குழாய்களின் சொடுக்குச் சத்தம் நின்றிருந்தது. கட்டில்களின் முனகலும். நடைவழியில் ஒரு சத்தமும் இல்லை.

எல்லா அறைக் கதவுகளும் திறந்திருந்தன.

ஒவ்வொரு கதவுக்கு அருகிலும், சுவரில் முதுகைச் சாய்த்து, ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கனமான கோட்டுகளோடு. தோளில் பைகளோடு. பயணத்துக்குத் தயாராக. எந்தெந்த நாட்டு முகங்களோ. காலில் கட்டுப் போட்ட ஒரு பையன், அவன் பக்கத்தில் நரைத்த தாடியோடு ஓர் ஆசிரியர். கழுத்துப்பட்டி நூல் நூலாகப் பிரிந்துபோயிருந்தது. இரண்டு பெண்கள், அவர்களை அணைத்தபடி ஒரு வயதான அம்மாள். அவள் கோட்டின் தோள்களில் சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பு படிந்திருந்தது. தட்டிவிடாமல். வெகுகாலமாக. கோடியில் இருந்த ஜன்னல்வரை இப்படியே ஆட்கள். யாரும் மூச்சு விடவில்லை.

முகங்கள் திரும்பின. அவசரமில்லாமல். ஒன்றன்பின் ஒன்றாக.

அந்த வயதான அம்மாள் அவளைப் பார்த்துத் தலையசைத்தாள், ஆசிரியர் அறையில் புதிதாகச் சேர்ந்தவளை வரவேற்பதைப்போல. பிறகு பக்கத்தில் இருந்தவர்களைத் தோளால் தள்ளினாள். அவர்கள் நகர்ந்தார்கள். அடுத்தவர்களும். அதற்கடுத்தவர்களும். சுண்ணாம்பில் முதுகுகள் உராயும் சத்தம் நடைவழி நெடுகிலும் ஓடி அடங்கியது.

பேராசிரியையின் கைக்குள் இருந்த விரல்கள் குளிர்ந்தன. ஒவ்வொன்றாக நழுவின.

“வேணாம்மா… இங்க வா. என்கிட்ட வா.”

ரேடியோ திரும்பிப் பார்க்கவில்லை. வெறுங்காலோடு நடந்தாள். கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டாள். அவர்கள் விட்ட இடத்தில் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

அவளுக்குப் பக்கத்தில், இன்னும் ஓர் ஆள் நிற்கிற அளவுக்குச் சுவர் காலியாக இருந்தது.