ஓர் ஒற்று அதிகம்

சனிக்கிழமை காலை 10.50. அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரம் பாதியில் நின்றது. பைண்டர் கைப்பேசியை வெறித்துக்கொண்டு நின்றார்.

“கடை மெயில்னு நம்பிக் கடவுச்சொல்லைக் குடுத்தேன், எல்லாம் துடைச்சு எடுத்துட்டாங்க அக்கா. ஏழு வருஷத்துப் புள்ளி.”

மெய்ப்புத் திருத்தும் பெண்மணியை முதலாளி உட்பட எல்லோரும் ‘ஒற்று அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். விட்டுப்போன ஒற்றெழுத்துக்காக ஒரு முறை ஆயிரம் பிரதிகளைத் திருப்பியனுப்பியவர்.

பைண்டரின் மனைவிக்கு ஏழு வருடமாக மருந்து. எல்லாம் ஒரே மருந்துக் கடையில். வாங்க வாங்கப் பரிசுப் புள்ளிகள் சேர்ந்தன. நோய் அவள் காதையும் வாங்கிக்கொண்டது. வெட்டி விழும் தாள் துண்டுகளில் எழுதிக் காட்டித்தான் அவர் அவளோடு பேசுவார். காது கேட்கும் கருவிக்குத் தேவையான புள்ளிகள் போன வாரம் நிறைந்தன. அந்தச் சந்தோஷத்தைத் தேநீர் வேளையில் மூன்றே பேரிடம் சொன்னார்: மெஷின்மேன், கணினியில் அச்சுக்கோக்கும் பையன், மேலாளர்.

மேலாளர் அறையிலிருந்தே கத்தினார். “கண்ட மெயிலைத் திறந்து பாஸ்வேர்டைத் தூக்கிக் குடுத்தா அப்படித்தான்! முட்டாள்தனத்துக்கு மருந்தா இருக்கு?”

அக்காவுக்குச் சுருக்கென்றது. திருடியவனை யாரும் திட்டவில்லை. பறிகொடுத்தவருக்குத்தான் வசவு.

“அந்த மெயிலைக் காட்டுங்கண்ணே.”

‘காது கேட்கும் கருவிக்கான உங்கள் பரிசுப் புள்ளிகள் தயார். இந்தச் சலுகைத் திங்களன்று முடிகிறது. கீழே தொட்டுக் கடவுச்சொல்லை உறுதிசெய்க.’

“கடை என்னைக்காவது மெயில்ல கடவுச்சொல் கேட்டிருக்கா?”

“இல்லக்கா. இப்ப யோசிச்சா இல்லதான்.”

“யோசிக்க விடக் கூடாதுன்னுதான் திங்கட்கிழமைன்னு கெடு. அனுப்பின முகவரியைப் பாருங்க, கடைப் பேருல ஒரு எழுத்து கூட இருக்கு.”

பைண்டரின் முகம் தொங்கிப்போனது. “கடையோட படம் அச்சு அசலா இருந்துச்சு. நான் கருவி வாங்கப் போறதும் அதுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. கடைதான்னு நம்பிட்டேன்.”

“கடைக்கு அது எப்படித் தெரியும்? நீங்க கடையில சொன்னீங்களா?”

“இல்லையே...” என்றவர் பாதியில் நிறுத்தினார்.

கடை அனுப்பிய பழைய மின்னஞ்சல்களை அக்கா ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லாவற்றிலும் ‘பரிசு புள்ளிகள்’. ஒன்றில்கூட ‘ப்’ இல்லை. பிறகு திருட்டு மின்னஞ்சலை மறுபடி படித்தார். அவர் உதடு இறுகியது.

11.30. மருந்துக் கடைக்குத் தொலைபேசினார்.

“புள்ளிகளைக் கொடுத்து மசாஜ் கருவி ஒண்ணு வாங்கியிருக்காங்க மேடம். சாயங்காலம் ஆள் வந்து எடுத்துக்குவாங்க. அவங்க குடுத்த போன் நம்பரை மட்டும் நாங்க சொல்லக் கூடாது,” என்றாள் கடைப்பெண்.

“சொல்ல வேண்டாம்மா. பொருளைக் குடுக்காதீங்க. அந்த நம்பருக்குச் சரியா மூணு மணிக்கு ஒரு ஞாபகக் குறுஞ்செய்தி மட்டும் அனுப்புங்க.”

2.45. முதலாளியையும் அந்த மூவரையும் அக்கா மேலாளர் அறையில் கூட்டினார். பைண்டர் வாசலில் நின்றார்.

“போலீஸ்ல குடுக்க ஆளுக்கொரு வரி வேணும். எழுதுங்க: அந்தக் கடை செவ்வாயன்று திறந்திருந்தது.”

எழுதினார்கள். மெஷின்மேன் ‘அந்த கடை’ என்றே ஆரம்பித்திருந்தார். அவருக்கு ஒற்றெழுத்தோடு ஜென்மப் பகை. பையன் எழுதியதில் பிழையே இல்லை. மூன்றாவது தாளை அக்கா மேஜைமேல் வைத்தார்.

‘அந்தக் கடைச் செவ்வாயன்று திறந்திருந்தது.’

“கடை திறந்திருந்தது, சலுகை முடிகிறது. எழுவாய்க்கு அப்புறம் ஒற்று மிகாது சார். ஆனா நீங்க போடுவீங்க. திருட்டு மெயில்லயும் ‘சலுகைத் திங்களன்று’. கடைக்காரங்க வேண்டிய ஒற்றையே விடுறவங்க. வேண்டாத ஒற்றைப் போட்டது இந்த அறைக்குள்ள இருக்கிற ஆள்.”

மேலாளர் சிரித்தார். “ஒரு ‘த்’தை வெச்சு என்னைத் திருடனாக்குறீங்களா?”

“இல்ல. அது ஆளைக் காட்டுச்சு, அவ்வளவுதான். இன்னும் ஒரு நிமிஷம் இருங்க.”

3.00. மேலாளரின் மேஜை இழுப்பறைக்குள் ஏதோ உறுமியது. அவர் கை பாய்வதற்குள் முதலாளி இழுப்பறையைத் திறந்துவிட்டார். உள்ளே யாரும் பார்த்திராத இன்னொரு கைப்பேசி. திரையில்: ‘உங்கள் பரிசு புள்ளிகள் மூலம் வாங்கிய மசாஜ் கருவி தயார்.’

மேலாளர் வியர்த்துப்போனார். “வெறும் புள்ளிதானே... காசா, பணமா?”

“வெறும் புள்ளியா?” அக்காவின் குரல் உயர்ந்தது. “அந்தம்மா முழுங்கின ஒவ்வொரு மாத்திரையும் சார் அது! அவங்களுக்குக் காது கேக்க வேண்டியதை எடுத்து உங்க முதுகைப் பிடிச்சுவிடக் கருவியா? அதுக்கு மேல இவரையே முட்டாள்னு திட்டினீங்களே, வாய் கூசல?”

முதலாளி தொண்டையைச் செருமினார். “சரி, நம்ம அச்சகத்துப் பேரு கெட்டுடும். புள்ளியைத் திருப்பி வாங்கிக்கலாம். உள்ளுக்குள்ளயே பேசி முடிச்சிடுவோமே.”

பதினெட்டு வருடத்தில் அந்த அறைக்குள் குரல் உயர்த்தாத பைண்டர், வாசலைத் தாண்டி உள்ளே வந்தார்.

“என்னைத் திட்டும்போது கதவைச் சாத்தலையே முதலாளி. இப்ப மட்டும் எதுக்கு?”

கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, காவல் நிலையத்தின் எண்ணை அழுத்தினார்.