நீல பாட்டிலில் என்ன இருந்தது?

தையல்காரி வந்து கதவைத் தட்டியபோது ஆய்வாளரம்மா பழைய மின்விசிறியைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலைகளில் பாதுகாப்பு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரோடு இருப்பவள் அவருடைய நாத்தனார். வம்பு வழக்கு என்றால் சோற்றுத் தட்டையும் விட்டுவிட்டு ஓடி வருகிற பிறவி. வந்தவளை உட்காரச் சொல்வதற்குள், யார் மேல் சந்தேகம் என்று கேட்டே விட்டாள்.

தையல்காரியின் கணவர், கார்களைக் கழுவி மெருகேற்றும் கடையில் சக்கரம் துலக்குகிறவர். எல்லாருக்கும் அவர் 'சக்கரக்காரர்'தான். போன மாதம் அவருடைய வலது கையில் மூன்று விரல்களை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிட்டார்கள்.

கடையில் சக்கரத்துக்கு இரண்டு மருந்து. நீல பாட்டிலில் இருப்பது சாதுவானது. சிவப்பு பாட்டிலில் இருப்பது அமிலம். அதைத் தொட வேண்டுமென்றால் முழங்கை வரை கையுறை, கண்ணுக்குக் காப்பு, கதவெல்லாம் திறந்த காற்றோட்டம் என்று ஆயிரம் கட்டுப்பாடு. சூடான சக்கரத்தில் அதைத் தெளிக்கவே கூடாது. நீலத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அதனால் நீலம் தெளித்த சக்கரத்தில், பிரேக் தூசி மிச்சமிருக்கிறதா என்று சந்துபொந்தெல்லாம் வெறுங்கையால் தடவிப் பார்ப்பது சக்கரக்காரரின் வழக்கம். கடைக்கே தெரிந்த பழக்கம் அது.

நீலத்தைத்தான் எடுத்தேன் என்கிறார் அவர். சிவப்பை எடுத்துக்கொண்டு திமிராகக் கையுறை போடாமல் வேலை செய்தான் என்கிறார் முதலாளி. ஊரெல்லாம் அதையே சொல்லிச் சொல்லி, இப்போது சக்கரக்காரருக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. என் கையை நானே தின்றுவிட்டேனா என்று கட்டுப்போட்ட கையைப் பார்த்துப் பார்த்துப் புலம்புகிறார்.

"அவர் தப்பு இல்லன்னு யாராவது நிரூபிச்சுச் சொல்லணும்மா. இல்லன்னா அவர் எனக்கு இல்ல" என்றாள் தையல்காரி.

வலி எப்போது வந்தது என்று ஆய்வாளரம்மா கேட்டார். காலையில் வேலை செய்தார், மத்தியானம் சிரித்துப் பேசிச் சாப்பிட்டார், சாயங்காலம்தான் அலறினார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் அதே கடையில் வேலை செய்யும் அவளுடைய தம்பி. கையில் என்ன பட்டது என்று டாக்டர் கேட்டதற்கு, சோப்புத் தண்ணி என்று சொன்னவனும் அவன்தான்.

"அவன் பாவம், கார் உள்ள தூசி எடுக்கிறவன். அவனுக்கு என்ன தெரியும்? இப்ப மூணு வேளையும் ஸ்பூனால அவருக்கு ஊட்டுறதே அவன்தான்."

ஆய்வாளரம்மா மின்விசிறியின் இறக்கையைக் கீழே வைத்தார். "அந்த அமிலம் பட்ட உடனே எரியாதும்மா. சத்தமில்லாம இறங்கி எலும்பு வரைக்கும் போயிடும். வலி தெரியும்போது காரியம் முடிஞ்சிருக்கும்."

மறுநாள் காலை மூவரும் கடைக்குப் போனார்கள். முதலாளி எடுத்த எடுப்பிலேயே கத்தினார். இவன்தான் ஆள் என்று நாத்தனார் அண்ணியின் விலாவில் இடித்தாள். கலவை அறையிலிருந்து மருந்து கலக்கிறவர் வெளியே வந்தார். முகத்தை மூடும் காப்பும் கையுறையும் போட்டபடியே நின்றார். தம்பிதான் நாற்காலி கொண்டுவந்து போட்டான், தண்ணீர் கொடுத்தான். அக்காவின் சிபாரிசில் ஒட்டிக்கொண்டு வந்ததால் 'வால்' என்று அவனுக்குப் பெயர். வைத்தவர் சக்கரக்காரர். அவன் பேசும்போதெல்லாம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்தும் அது தெளியவில்லை. கலவை அறைப் பக்கமே தான் போனதில்லை என்றான்.

கலவை அறையில் இரண்டு கொக்கிகள், இரண்டு பாட்டில்கள். ஆய்வாளரம்மா பாட்டில்களை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். பிறகு முதலுதவிப் பெட்டியைத் திறந்து ஒரு களிம்புக் குழாயை எடுத்தார். பாதி பிதுக்கப்பட்டிருந்தது. அந்த அமிலக் காயத்துக்கு உடனே தடவ வேண்டிய களிம்பு. யார் பயன்படுத்தியது என்று கேட்டார். யாரும் இல்லை, இந்தக் கடையில் அதற்கு முன் யாருக்கும் அடிபட்டதே இல்லை என்றார் முதலாளி பெருமையாக.

ஆய்வாளரம்மா எல்லாரையும் அங்கேயே நிற்கச் சொன்னார்.

"சிவப்பு பாட்டில் தொங்குற இடத்துல சிமெண்ட் குழி விழுந்திருக்கு. வருஷக்கணக்கா சொட்டி அரிச்ச குழி. நீலத்துக்குக் கீழ தரை வழவழன்னு இருக்கணும். இருக்கு, ஆனா நடுவுல ஒரு இடம் மட்டும் புதுசா வெளுத்துப் பொரிஞ்சு கிடக்கு. அன்னைக்கு நீல பாட்டில்ல இருந்தது அமிலம்தான். சக்கரக்காரர் மேல எந்தத் தப்பும் இல்ல."

தையல்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் கேட்டு வந்தது கிடைத்துவிட்டது. அதோடு கிளம்பியிருக்கலாம்.

"ஊத்தினது யாரு அண்ணி?" என்றாள் நாத்தனார், முதலாளியை முறைத்தபடி.

"அவசரமா, புனல் இல்லாம ஊத்தினவங்க. முகத்துல தெறிச்சிருக்கு, விரல்லயும் பட்டிருக்கு. கலக்கிறவர் முகக்காப்பைக் கழற்றுறதே இல்ல. முதலாளிக்கு மூக்குக் கண்ணாடியே கிடையாது, தெறிச்சிருந்தா கண்ணு போயிருக்கும்." அவர் கையை நீட்டினார். "இந்த அமிலம் கண்ணாடியையே அரிக்கும், தம்பி. உன் கண்ணாடியைக் கொஞ்சம் கொடு."

அவன் கொடுக்கவில்லை. நாத்தனார் பிடுங்கிக் கொடுத்தாள். இரண்டு கண்ணாடியிலும் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகள். எந்தச் சட்டையாலும் துடைக்க முடியாத புள்ளிகள்.

அவன் முகம் செத்துவிட்டது. சக்கர வேலையைக் கற்றுக்கொடுங்கள் என்று சக்கரக்காரரிடம் எத்தனையோ தடவை கேட்டானாம். முதலில் சீட்டுக்கு அடியில் இருக்கிற தூசியை எடுடா வால் என்று எல்லார் முன்னாலும் சிரித்தாராம். கொஞ்சம் கொப்புளம் வரும், ஒரு வாரம் வீட்டில் கிடப்பார் என்றுதான் நினைத்தானாம்.

"உன் விரல்ல பட்டப்ப கொப்புளம்னு சும்மா விடலையே நீ" என்றார் ஆய்வாளரம்மா. "களிம்பைத் தேடித் தடவிக்கிட்ட. விட்டா என்ன ஆகும்னு அந்தக் குழாய் மேலயே போட்டிருக்கு. உன் விரல் பத்தும் இருக்கு. டாக்டர் கேட்டப்பவும் சோப்புத் தண்ணின்னு சொல்லிட்ட."

தையல்காரி அழுகையை நிறுத்தியிருந்தாள். தம்பியின் எதிரில் வந்து நின்றாள். "மத்தியானம் அவர் பக்கத்துல உக்காந்துதானே சாப்பிட்ட. அவர் என்ன பேசினார்?"

அவன் தலையைத் தொங்கப் போட்டான்.

"வர்ற வாரத்துல இருந்து சக்கர வேலையைக் கத்துத் தர்றேன்னு சொன்னார்க்கா."

"அப்பவாவது சொல்லியிருக்கலாமேடா. அப்ப கை முழுசா இருந்துச்சேடா."

"சொன்னா நான்தான்னு தெரிஞ்சிருக்கும்" என்றான் அவன்.

முதலாளி போலீசுக்குப் போன் செய்தார். நாத்தனார் இந்த முறை வம்பு பார்க்க நிற்கவில்லை. தையல்காரியை வீடு வரை கொண்டுபோய் விட்டாள்.

சக்கரக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மனைவியின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மச்சான் எங்க? பசிக்குது" என்றார். போன காரியம் என்ன ஆயிற்று, தப்பு யாருடையது என்று அதற்கப்புறம்தான் கேட்டார்.

"உங்க தப்பு இல்லைங்க" என்றாள் அவள். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபடியே தட்டை எடுத்து வந்து, ஸ்பூனைக் கையில் பிடித்தாள்.

"அப்போ யாரு?"

"முதல்ல சாப்பிடுங்க" என்றாள்.