காதில் பேசியவள்

முதன்முதலில் அது நடந்தது பனி விழத் தொடங்கிய வாரத்திலா, அதற்கு முந்தியா என்பதில் மார்லாவுக்கு இன்று உறுதியில்லை. பனி நினைவிருக்கிறது. ஆனால் அந்த ஊரைப் பற்றிய எல்லா நினைவிலும் பனி இருக்கிறது. உடன் படித்த ஓவன் நாற்காலியோடு சுழன்று திரும்பிச் சிரித்தது நினைவிருக்கிறது. தான் என்ன சொன்னோம், என்ன சொல்லவில்லை என்பதில்தான் சந்தேகம். யோசிக்க யோசிக்க, எல்லாவற்றையும் தானேதான் சொன்னோமோ என்றும் தோன்றுகிறது. அப்படித் தோன்றும்போது எழுந்துபோய் விளக்கைப் போட்டுவிட்டு வருகிறாள்.

மாணவர் தொலைக்காட்சி, கல்லூரி நூலகத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஏரிக்கரை ஊர்களில் நவம்பர் மாதம் மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும் என்றாலும், அந்தக் கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே இருட்டியதா இல்லையா என்பது ஒரு பொருட்டே இல்லை. ஈரக் கம்பளி, உருகிய பனி ஊறிய தரைவிரிப்பு, யாரோ எப்போதோ கருக்கிய சோளப்பொரி எல்லாம் கலந்த ஒரு வாசனை அங்கே நிரந்தரமாகக் குடியிருந்தது. சுவருக்குள் ஓடும் வெந்நீர்க் குழாய்கள் அவ்வப்போது தட்டும். உள்ளே யாரோ விரல் மடக்கித் தட்டுவதுபோல.

மார்லா நியெமி அந்தக் கல்விப் பருவத்தில் செய்தித் தயாரிப்பு கற்றுக்கொண்டிருந்தாள். எந்தச் செய்திக்குப் பின் எது, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்று முடிவுசெய்ய வேண்டியவள் அவள். ஒளிபரப்பு ஓடும்போது, இன்னும் எத்தனை நொடி மிச்சம் என்று முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவள் முன்னால் ஒரு பொத்தான். அதை அழுத்திப் பேசினால், கண்ணாடிக்கு அப்பால் மேஜை முன் உட்கார்ந்திருக்கும் செய்தி வாசிப்பவளின் காதில் மட்டும் அது கேட்கும். இழு. வேகம். அடுத்ததை விட்டுவிடு. நிகழ்ச்சி கொஞ்சம் நீண்டாலும் ஊர் கேபிளின் இயந்திரம், பாதி வார்த்தையில் வெட்டிவிட்டு நகரசபைக் கூட்டத்தைப் போட்டுவிடும்.

வாசித்தவள் ஷெல்பி ட்ரெவாரோ. மார்லாவுடன் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவள். வாசிக்க வருபவர்களுக்கு ஆசிரியர் லிண்ட் முதலில் கற்றுக்கொடுப்பது, காதில் யார் என்ன சொன்னாலும் முகத்தில் தெரியக் கூடாது என்பதைத்தான். அவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போது லிண்ட் காதுக்குள் சமையல் குறிப்பு சொல்வார், கெட்ட ஜோக் சொல்வார், உன் வீடு பற்றி எரிகிறது என்பார். எல்லோரும் தடுமாறுவார்கள். ஷெல்பியின் புருவம்கூட அசையாது.

அது முதலில் நடந்த அன்று நிகழ்ச்சி முடிந்ததும் ஷெல்பி, மார்லாவின் குரலைக் கொண்டுவரும் கண்ணாடி நிறக் குழாயைக் காதிலிருந்து கழற்றிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"வானிலைக்கு முன்னாடி ஏன்டி அவ்ளோ இழுக்க வச்ச? சொல்றதுக்கு ஒண்ணுமில்லாம பனி அள்ற வண்டிக்காரனப் பாராட்டிட்டு இருந்தேன்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொன்ன. 'இழு, இழு, இன்னும் கொஞ்சம்'னு. அப்புறம் 'போதும்'னு."

எந்தக் கேமராவின் படம் போக வேண்டும் என்று மாற்றும் பலகையில் இருந்த ஓவன் பெல்டோலா சுழன்று திரும்பினான். "உன் முழங்கை மறுபடி பொத்தான் மேல குந்தியிருக்கும். நீ கணக்குப் போடறப்ப வாய் தானா ஓடுது, தெரியுமா? சர்ச்சுல முன்வரிசைக் கிழவிங்க மாதிரி."

அது உண்மைதான். மார்லாவின் பழைய தவறு அது. ஒருமுறை, "இந்த ஆள் எப்பதான் வாய மூடுவான்" என்று அவள் முணுமுணுத்தது, மேயரைப் பேட்டி கண்டுகொண்டிருந்த ஷெல்பியின் காதில் விழுந்திருந்தது. எனவே எல்லோரும் சிரித்தார்கள். மார்லாவும் சிரித்தாள்.

ஆனால் அன்று அவள் கணக்கே போடவில்லை. ஒரு பேட்டி எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட, நடுவில் பெரிய ஓட்டை விழுந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல், இரு கைகளையும் மடியில் இறுக்கிக்கொண்டு உறைந்து உட்கார்ந்திருந்தாள். அப்படியும் நிகழ்ச்சி மிகச் சரியாக முடிந்திருந்தது. லிண்ட் கதவிடுக்கில் தலையை நீட்டி, "கணக்கு இப்பதான் உன் கைக்கு வந்திருக்கு" என்றார். பருவத்தின் கடைசி நேரலையை அவளே செய்யட்டும் என்றார்.

அடுத்த நாள் மார்லா ஒரு காபிக் குவளையின் மூடியை வெட்டிப் பொத்தானின் மேல் ஒட்டினாள். விரலால் மூடியைத் தூக்கினால்தான் அழுத்த முடியும்; முழங்கை இனி அழுத்த முடியாது. அன்றும் ஷெல்பி வெளியே வந்து, "இன்னிக்கு அழகா வழி நடத்தினடி" என்றாள்.

விளையாட்டுக்காக ஓவன், ஷெல்பியின் காதுக்குப் போகும் ஒலியைத் தனியாகப் பதிவுசெய்தான். படத்தோடு சேர்த்து ஓடவிட்டுக் கேட்டார்கள். மார்லாவின் குரல் அங்கங்கே வந்தது; தடுமாறிய, எச்சில் விழுங்கும் குரல். நடுவில் நீண்ட மௌனங்கள். அந்த மௌனங்களில்தான் ஷெல்பி மெதுவானாள், ஒரு வாக்கியம் சேர்த்தாள், மறுபடி வேகமெடுத்தாள். கண் கட்டிய ஒருத்தியை யாரோ கைபிடித்து அறை முழுக்க நடத்திக்கொண்டு போவதையும், பிடித்த கையை மட்டும் காணாததையும் பார்ப்பதுபோல இருந்தது.

"சும்மா விடு. ஓடற வண்டிய ஏன் நிறுத்தற" என்றான் ஓவன். ஆனால் அந்தப் பதிவை அவன் அன்றே அழித்துவிட்டான்.

பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மதியம். இறைச்சியும் உருளைக்கிழங்கும் டர்னிப்பும் அடைத்துச் சுட்ட பேஸ்டியின் ஆவி மேஜை மேல் எழுந்துகொண்டிருந்தது. ஷெல்பி முள்கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனாள். பாதி வழியில் நின்றது கை. அப்படியே நின்றது. பிறகு, ஏதோ அனுமதி கிடைத்ததுபோல, வாய்க்குள் போனது. மென்றாள். நிறுத்தினாள். கன்னத்தில் உணவு அப்படியே இருக்கக் காத்திருந்தாள். விழுங்கினாள்.

அவள் காதுக்குப் பின்னால் அந்தக் குழாய் சுருண்டிருந்தது. ஒயர் ஸ்வெட்டர் கழுத்துக்குள் இறங்கியது.

"கழட்ட மறந்துட்டியா?"

"இல்ல. இருக்கட்டும்."

மார்லா எட்டி, ஸ்வெட்டரின் கீழே தொங்கிய ஒயர் முனையை எடுத்தாள். அது எதிலும் சொருகப்படாமல் இருந்தது.

"ஷெல், இது சும்மா தொங்குது."

"தெரியும்."

"அப்ப என்ன கேக்குது உனக்கு?"

"நீதான்." கேலி செய்கிறாளோ என்று ஷெல்பி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நான் உன் எதிர்ல உக்காந்துருக்கேன்டி."

ஷெல்பியின் பார்வை மார்லாவின் உதடுகளில் தங்கியது. "ஆமா" என்றாள் நிதானமாக. "நீயும்தான் இருக்க."

மார்லா கையை நீட்டி அந்தக் குழாயை உருவித் தன் காதில் வைத்துக்கொண்டாள். இன்னும் ஷெல்பியின் உடம்புச் சூடு அதில் இருந்தது. குரல் எதுவும் இல்லை. மூச்சு மட்டும், உள்ளே போய் வெளியே வரும் மெல்லிய மூச்சு. காதை எதைக்கொண்டு அடைத்தாலும் கேட்பதுதானே, தன் மூச்சுதானே என்று ஆறுதலாக இருந்தது. சிரிக்கப் போனாள். அப்போதுதான் தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

அந்தச் சத்தம் நிற்கவில்லை.

"என்ன சொல்றா?" என்று கேட்கும்போது அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"இப்பல்லாம் எண்ணிட்டே இருக்க. பின்னாலேருந்து."

"எதுவரைக்கும்?"

"அது உனக்குத்தானே தெரியும்" என்று ஷெல்பி குழாயைத் திரும்ப வாங்கிப் பொருத்திக்கொண்டாள். ஒரு விரலை உயர்த்தினாள், இரு என்பதுபோல. தலையசைத்தாள். மறுபடி மென்று தின்னத் தொடங்கினாள்.

மார்லா லிண்டிடம் போனாள். கடைசி நிகழ்ச்சிக்கு வேறு யாரையாவது வாசிக்க வைக்கச் சொன்னாள். தன் இடமே போனாலும் சரி என்றாள். லிண்ட் ஷெல்பியைக் கூப்பிட்டு வெகுநேரம் பேசினார். ஷெல்பி சிரித்தாள், பதில் சொன்னாள், ஏரி உறைவதைப் பற்றி ஜோக் அடித்தாள். அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அப்படித்தான் அவருடைய வகுப்பில் கற்றிருந்தாள்.

"அவ நல்லாத்தான் இருக்கா" என்றார் லிண்ட். "நீதான் சரியாத் தூங்கல போல."

கடைசி நிகழ்ச்சியன்று மார்லாவிடம் இருந்தது ஒரே ஒரு வழி. மூடியைப் பிய்த்தெறிந்தாள். பொத்தானை அழுத்தி, மேலே வராதபடி பூட்டினாள். அறிமுக இசை தொடங்கியதும் பேசத் தொடங்கினாள். இடைவெளியே விடக் கூடாது. ஷெல்பியின் காதில் இன்னொருத்திக்கு இடமே இருக்கக் கூடாது. தெருப் பெயர்களைச் சொன்னாள். வீட்டுச் சாவி இருக்கும் இடத்தைச் சொன்னாள். அம்மா போனில் பேசியதை, காய்ந்துகொண்டிருக்கும் துணிகளை, பனி உருகச் சாலையில் போட்ட உப்பு காலணியில் வெள்ளைக் கோடாகப் படிந்ததைச் சொன்னாள். திரையில் ஷெல்பி நகராட்சிப் பனி வண்டிகளைப் பற்றிப் பிசிறில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். சுவருக்குள் குழாய்கள் தட்டின. என்ன செய்கிறாய் என்று ஓவன் கையால் கேட்டான். மார்லா அவன் பக்கம் திரும்பவில்லை.

நாக்கு ஒட்டியது. தொண்டை எரிந்தது. பேசினாள்.

ஷெல், இது நான். நான்தான் பேசறேன். வேற யாரும் இல்ல.

எச்சில் விழுங்கினாள்.

அவ்வளவுதான் இடைவெளி.

திரையில் ஷெல்பி தலையசைத்தாள். ஊர் முழுக்கப் பார்க்க. ஒரு வாக்கியத்தின் நடுவில். மெதுவாக. சரி என்பதுபோல.

மார்லா கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஓவன் எழுந்து நின்றான். ஷெல்பி வாசித்தாள். விடைபெற்றாள். புன்னகைத்தாள். முடிவை மார்லா எண்ண வேண்டும். அவளால் எண்ண முடியவில்லை. அந்த எண்களைத் தன் வாயால் சொல்லப் பயமாக இருந்தது. ஓவன்தான் சொன்னான். மூணு. ரெண்டு. ஒண்ணு.

கேபிள் வெட்டியது. நகரசபைக் கூட்டம்.

"முடிஞ்சுது, ஷெல்" என்றாள் மார்லா. "எழுந்து வா."

மூன்று கேமராக்கள். மூன்று திரைகள். மூன்றிலும் ஷெல்பி புன்னகைத்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதுடி."

புன்னகை இறங்கவில்லை.

ஓவன் படப்பிடிப்புக் கூடத்து விளக்குகளை அணைத்தான். திரைகளில் சாம்பல் நிறத்தில் ஒரு முகம். பற்கள்.

மார்லா உள்ளே ஓடினாள். இன்னும் சூடு தணியாத விளக்குகள் மேலே டிக் டிக் என்று சுருங்கிக்கொண்டிருந்தன. மேஜையைச் சுற்றி வந்து குழாயை ஷெல்பியின் காதிலிருந்து பிடுங்கித் தரையில் எறிந்தாள். தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"என்னப் பாரு. முடிஞ்சு போச்சு."

"ஷ்ஷ்" என்றாள் ஷெல்பி. உதடு அசையவில்லை. பார்வை அணைந்த கேமராவிலேயே இருந்தது. "அவ இன்னும் முடிக்கல."

"அவ இல்ல. நான். நான்தான் மார்லா."

"இல்ல." தவறான எண்ணுக்குப் போன் செய்தவரிடம் பேசுவதுபோல இதமாகச் சொன்னாள். "இன்னிக்குப் பூரா நீ அவளாட்டம் பேசிப் பாத்த. ரொம்ப நல்லாப் பேசின. ஆனா நீ இப்படி வருவேன்னு அவ முன்னாடியே சொல்லிட்டா."

அவளுடைய இரண்டு கண்களிலிருந்தும் நீர் வழிந்தது. புன்னகையின் ஓரங்களைச் சுற்றிக்கொண்டு இறங்கித் தாடையில் சொட்டியது.

லிண்ட் அந்த வசந்தத்தில் ஓய்வுபெற்று அரிசோனாவுக்குப் போய்விட்டார். ஓவன் ஏரியின் மறுகரையில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் கேமராக்களை மாற்றுகிறான். கடிதம் போட்டால் பதில் வராது. அடித்தளத்தில் இப்போது உடைந்த நாற்காலிகள் இருக்கின்றன. மார்லா ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். இயந்திரங்களின் இரைச்சலில் அங்கே யாரும் பேசுவதில்லை, அதனால்தான் அந்த வேலை. ஷெல்பி தன் அம்மாவின் வீட்டில், சுவரைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் இருக்கிறாள். புன்னகைத்தபடி. மருத்துவர்கள் இரண்டு காதையும் பார்த்துவிட்டு, ஒரு கோளாறும் இல்லை என்றார்கள்.

மார்லா அங்கே ஒரே ஒரு முறை போனாள். பனி மூடிய படியேறி மணியை அடித்தாள். கதவைத் திறந்த ஷெல்பியின் அம்மா அவளை வெகுநாள் பழகியவளைப்போல அணைத்துக்கொண்டார்.

"நல்லா இரு கண்ணு. தினம் தவறாம அவகூடப் பேசற பாரு, அது எனக்கு எவ்ளோ ஆறுதல் தெரியுமா. அடுப்படியில நின்னாலே உன் குரல் கேக்கும்."

பிறகு அவர் கை மெல்லத் தளர்ந்தது. தலையைத் திருப்பி உள்ளறைப் பக்கம் காது கொடுத்தார். மறுபடி மார்லாவைப் பார்த்தார்.

மார்லா வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள் அவள் குரல் பேசிக்கொண்டிருந்தது.